அட்டவணையா, டைமரா, 'இது முடிந்ததும் அது'வா?

வேலைக்கும் போய்க்கொண்டு வெளிவாரிப் பட்டத்துக்கும் படிக்கிறவர்களுக்கு 'நாளைக்குப் பார்ப்போம்' என்ற பேச்சுதான் பெரிய எதிரி. அதைச் சமாளிக்க மூன்று வழிகளைப் பார்த்துவிட்டு நான் மூன்றாவதில் நின்றுவிட்டேன். ஆகவே பக்கச்சார்பு இருக்கும்.

சுவரில் ஒட்டும் நேர அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாலை ஆறரைக்குப் படிப்பு என்று எழுதிவிடலாம். அட்டன் டவுனிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் என்று யார் எழுதுவது?

டைமர் முறை கொஞ்சம் வேறு. இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூட்டை வைத்துத் தொடங்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்குப் பிறகு நீண்ட ஓய்வு. பாரமான ஒப்படை எழுதும்போது நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் உட்கார்ந்தவருக்குத்தான் அது உதவும், உட்கார வைக்காது. டைமர் போனில் இருந்தால் இன்னும் மோசம், வைக்கப்போன கை வாட்ஸ்அப்பைத் திறந்துவிடும். தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் 25 நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருப்பதும் லேசில்லை.

மூன்றாவது, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து எழுதியது. 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. நான் மணியைப் பார்ப்பதில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்ததும் கொப்பியைத் திறந்து ஒரு பந்தி எழுதுகிறேன். பஸ் பிந்தினாலும் சாப்பாடு நடக்கும், கரண்ட் போனாலும் நடக்கும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று. விட்டுப்போன பிறகு திரும்பத் தொடங்குவது எதில் லேசு? தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தால் ஒரு கிழமை போய்விடும். அப்புறம் கல்யாணம், மரணவீடு, அடைமழை. அட்டவணையில் விட்டதெல்லாம் கடனாகச் சேர்ந்து, அந்தச் சுவர்ப் பக்கமே பார்க்கத் தோன்றாது. டைமரில் கடன் சேராது, ஆனால் மறுபடி தொடங்க மனசு வரவேண்டும். மூன்றாவதில் அந்தக் கேள்வியே இல்லை. நாளைக்கும் சாப்பிடத்தான் போகிறோம்.

லண்டனில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் செய்த ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவது மலையில் அநியாயம், அது வேறு கதை. கொப்பியில் அது நல்ல ஏற்பாடு. களைத்த நாளில் இரண்டு வரி எழுதிவிட்டு அரைப்பேர் போட்டுக்கொள்கிறேன், பேர் விழாமல் போவதில்லை.

இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முறை பார்ப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரமே கிழமைக்குக் கிழமை மாறும். அவர்களுக்கு எது ஒத்துவரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டாளியோடு சேர்ந்து படிப்பதையும் கொஞ்ச நாள்தான் பார்த்தேன். அவள் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டதால் அதற்கு மார்க் போட முடியாது.

பரீட்சை நெருங்கும்போது மட்டும் இரண்டையும் சேர்க்கிறேன். கோப்பையைக் கழுவியதும் உட்காருவது, உட்கார்ந்ததும் டைமர். அதற்குச் சாவி கொடுக்கும் சின்ன மணிக்கூடு போதும், போன் அடுப்படியில் கிடக்கட்டும்.