மூன்று கட்டம் போட்ட நோட்டு: ஐந்து வருட அனுபவம்

சிறுகதை எழுதப் பழக ஐந்து வருடமாக ஒரே முறைதான். கோடு போட்ட நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம்: முதல், கரு, உரி. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அதே திணை இலக்கணம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனசுக்குள் நடப்பது உரிப்பொருள்.

முதல் வருடம் உருப்படவில்லை. உரியைத்தான் முதலில் நிரப்புவேன். 'சோகம்' என்று எழுதிவிட்டு அதற்கு மழை தேடுவேன். டீக்கடை அண்ணாச்சி படித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, ஒங்க கதையில யாரு அழுதாலும் மழ வந்துருதே?" சுருக்கென்றது. எங்கள் ஊர் செங்கோட்டை. ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியே காற்று இறங்கிச் சாரல் அடித்தால் இங்கே எவர் அழுகிறார்? குற்றாலத்துக்குக் கூட்டம் வரும், அண்ணாச்சி கடையில் வடை பத்தாது. என் மழை சினிமாவில் இருந்து வந்த மழை.

ஊர் வளைவில் இருக்கும் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையையும் விடவில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் அந்தப் பக்கம் அல்லவா, 'இழந்த மண்' என்று மூன்று கதைகளில் அதை ஊதினேன். அதற்குக் கீழே தினமும் போகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அப்புறம் வரிசையை மாற்றினேன். இடம், நேரம், பொருள் மட்டும். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி நின்றுபோனது; இங்கே சிலர் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போய் வாங்கி வருவார்கள். குலுக்கல் மூன்று மணிக்கு. ஒருநாள் கடையில் ஒருவர் சட்டைப்பையில் இருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தார். போனைப் பார்த்தார். கிழிக்கவில்லை. மேசையில் விரித்து அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். எடுத்தபோது எண்களின் மேல் ஒரு ஈர வட்டம். அதை அப்படியே எழுதி வைத்தேன், உரி கட்டத்தைத் தொடவில்லை. கதையைக் கேட்ட நண்பன் அந்த வட்டம் வந்த இடத்தில் "ச்சே" என்றான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், மூன்று மணி என்பது எற்பாடு. நெய்தலுக்குரிய சிறுபொழுது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடலே இல்லாத ஊரில் நெய்தல்! தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

குறையும் உண்டு. பேருந்து நிலையத்தையும் செக்போஸ்டையும் எந்தத் திணையில் வைப்பது என்று யோசித்தே பல மாலைகள் போயின. இன்னொன்று, பலித்ததை மறுபடி செய்யத் தூண்டும். அடுத்த இரண்டு கதைகளிலும் டீ வட்டம் வைத்தேன். இரண்டும் திரும்பி வந்தன. நியாயம்தான்.

போன வாரம் ஐந்தாவது நோட்டு வாங்கினேன். அதில் இரண்டே கட்டம்தான் போட்டிருக்கிறேன்.