முதல் போம் விமானம்: வாலோடா, வாலில்லாமலா?

பேட்டரியில் பறக்கும் சிறு விமானத்தை போமில், அதாவது லேசான நுரைப் பலகையில், முதன்முதலாகச் செய்ய எந்த வடிவம் நல்லது என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டால் இரண்டைச் சொல்வேன்: மேலிறக்கையும் (உடலுக்கு மேலே பொருத்திய இறக்கை) வாலும் உள்ளது, வாலில்லாத முக்கோணம்.

முக்கோணத்தை ஒரே மாலையில் வெட்டி ஒட்டிவிடலாம். தேயிலைக்குள் விழுந்தாலும் பெரும்பாலும் முழுசாகவே கிடைக்கும். ஆனால் எடை மையம் சற்றுப் பின்னால் போனாலும் கையை விட்டதும் மூக்கைத் தூக்கிப் புரண்டுவிடும். என்னுடையது மூன்று தடவை அப்படி விழுந்தது. பேட்டரியை இரண்டு விரல் அகலம் முன்னே தள்ளிய பிறகுதான் பறந்தது.

மேலிறக்கைக்கு வேலை கூட, வாலும் சீக்கிரம் உடையும். இருந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன். இறக்கையின் இரு பாதிகளையும் நுனி சற்று உயர்ந்திருக்கும்படி ஒட்டுங்கள். சாய்ந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். முன் விளிம்பிலிருந்து கால் பங்கு அகலத்தில் இரு விரல் நுனிகளில் தாங்கினால் மட்டமாக நிற்க வேண்டும்.

எதைச் செய்தாலும் எடையைக் குறையுங்கள். நாங்கள் பறக்கவிடும் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம். கடற்கரையைவிடக் காற்று ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. அதனால் அதே விமானம் இங்கே ஏறக்குறைய 10 சதவீதம் வேகமாகப் பறக்க வேண்டும், இறங்கவும் மைதானம் நீளமாக வேண்டும். அப்புறம், ரெஜிபோமில் (வெள்ளையாக மணிமணியாக இருக்கும் போம்) சூப்பர் குளூ பூசாதீர்கள், போமையே கரைத்துவிடும்.