மேசை லேத்தா, பெரிய லேத்தா?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மரம் கடையப் போகிறவருக்கு முதல் கேள்வி பணமில்லை, படிக்கட்டு. மேசையில் வைக்கும் லேத், அதாவது மரம் கடையும் இயந்திரம், ஏறத்தாழ 40 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். நிலத்தில் நிற்கும் பெரியது 200 கிலோவைத் தாண்டலாம். அதை மேலே ஏற்றினால் கீழ்வீட்டு அன்ரியின் முகத்தில் முழிக்க ஏலாது.

பேனா, பம்பரம், மத்து, பூரிக்கட்டைக்குச் சின்னதே தாராளம். கிண்ணத்தில்தான் சிக்கல். 10 அங்குல விட்டம் வரை கொள்ளும் லேத்தில் 9 அங்குலப் பலாக் கட்டை சுழலும், ஆனால் சமனில்லாத பச்சைக் கட்டை மேசையையே நடக்க வைக்கும். கடைபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வரவேணும். 14 அங்குலக் கட்டைக்கு அது 430 முதல் 640 சுற்று. முதலில் உருட்டி எடுக்கும்போது அதிலும் குறைவாக வைப்பது நல்லது. பெரிய லேத் அந்த வேகத்திலும் திணறாது, அதன் எடையே அதிர்வை விழுங்கிவிடும்.

கடற்காற்றில் துரு இரண்டையும் பிடிக்கும். லேத்தின் தளத்துக்கு மெழுகு பூசுங்கள்.

நான் வாங்குவதென்றால் வேகத்தைக் குமிழால் மாற்றக்கூடிய மேசை லேத்தான். மிச்சக் காசு நல்ல உளிக்கும் சாணைக்கும். பெரியது, தெகிவளைப் பக்கம் நிலத்தோடு வீடு கிடைத்தால் பார்ப்போம்.