உறைமோரா, குப்பை வண்டியா? மூளையில் புரதங்கள் கூட்டுச் சேரும் விதம்

அல்சூரில் இருக்கும் எங்கள் அப்பாவுக்கு முதலில் அல்சைமர் என்றுதான் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்து, ஹாலில் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். நடையும் தளர்ந்தது. "லெவியும் சேர்ந்திருக்கலாம்" என்றார் டாக்டர். லெவி என்பது மூளை செல்களுக்குள் புரதத் திரள்கள் சேரும் இன்னொரு மறதிநோய். "ஒண்ணு வந்தவருக்கே இன்னொண்ணும் எப்படி டாக்டர் வரும்?" என்று கேட்டார் அம்மா. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

அல்சைமரிலேயே இரண்டு புரதங்கள் கெடுகின்றன. அமிலாய்டு பீட்டா நரம்புசெல்லுக்கு வெளியே படிகிறது; டௌ உள்ளே முறுக்கிக்கொள்கிறது. 1906-லேயே அலோயிஸ் அல்சைமர் இந்தப் படிவையும் முறுக்கையும் விவரித்துவிட்டார். லெவி திரள்களில் இருப்பது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற மூன்றாவது புரதம் என்று 1997-ல்தான் தெரிந்தது. அல்சைமரால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தால் ஏறக்குறைய பாதியில் லெவி திரள்களும் இருக்கின்றன. அப்பாவுக்கு வந்தது அபூர்வம் இல்லை.

இவை சேர்வதற்கு முக்கியமாக இரண்டு விளக்கங்கள் உண்டு.

முதல் விளக்கத்தை உறைமோர் என்று வைத்துக்கொள்வேன். தப்பாக மடிந்த ஒரு புரத மூலக்கூறு, நல்ல மூலக்கூறைத் தொட்டுத் தன்னைப் போலவே மடிக்கிறது. ஒரு புரதத்தின் உறை வேறொரு புரதத்தையும் உறைய வைக்குமா? சோதனைக் குழாயில் டௌவும் சைனூக்ளினும் ஒன்றையொன்று இழைகளாக்குவதை 2003-ல் காட்டினார்கள். அதற்குப் பத்து வருடம் கழித்து இன்னும் நுட்பமான விஷயம் வந்தது. சைனூக்ளின் உறையிலேயே வகைகள் உண்டு; ஒரு வகை டௌவை வேகமாகத் திரட்டியது, இன்னொன்று அவ்வளவாகத் திரட்டவில்லை. பேர் ஒன்றானாலும் மடிப்பு வேறு, குணமும் வேறு. எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான்.

இரண்டாவது விளக்கம், குப்பை வண்டி வராத தெரு. கெட்ட புரதங்களை அரைத்து அகற்றும் ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. ஒரு புரதம் அதை அடைத்துவிட்டால் மற்றவையும் தேங்கும். இதற்கு ஆதாரம் வலுவானது: கழிவைச் செரிக்கும் லைசோசோமில் வேலை செய்யும் ஒரு நொதிக்கான ஜிபிஏ மரபணுவில் பிழை இருந்தால் பார்க்கின்சன், லெவி மறதிநோய் இரண்டுக்கும் அபாயம் கூடுகிறது. ஆனால் தெருவெல்லாம் குப்பை என்றால், குறிப்பிட்ட புரதம் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஏன் தொடங்குகிறது? அதை இந்த விளக்கம் சொல்வதில்லை.

வயதானால் எல்லாம் தற்செயலாகச் சேரும் என்பாரும் உண்டு. பரம்பரை அல்சைமரில் ஐம்பது வயதுக்குள் இறப்பவர்களிடமும் லெவி திரள்கள் கிடைப்பதால் அது எனக்குப் போதவில்லை.

என் முடிவு: டௌவும் சைனூக்ளினும் ஒரே நரம்புசெல்லுக்குள் வசிப்பவை, நேரடியாகத் தொட்டுக்கொள்ள முடியும். அங்கே உறைமோர்தான் பொருந்துகிறது. அமிலாய்டு வெளியே, டௌ உள்ளே. அங்கே நேரடித் தொடுதலை விட அழற்சியும் அடைப்பும்தான் பெரிய பங்கு வகிக்கும் என்று நினைக்கிறேன். அந்த உறவு ஒருவழிப் பாதையும்கூட. அமிலாய்டு மரபணுப் பிழை டௌ முறுக்குகளையும் கொண்டுவருகிறது. டௌ மரபணுப் பிழை அமிலாய்டு படிவுகளைக் கொண்டுவருவதில்லை. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் என்ற அல்சைமர் மருந்து அமிலாய்டை வாரி எடுத்தும், 18 மாதத்தில் நோயாளிகளின் சரிவு 27 சதவீதம் மெதுவானது, நிற்கவில்லை. பின்னால் கிளம்பிய டௌ போன்றவை தனியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

அப்புறம், வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. லெவி இருந்தால் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் உடலை விறைக்கச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரவில் அப்பா பதறும்போது அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். டியூட்டி டாக்டருக்கு அவரை முன்பின் தெரியாது. அதனால் அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் 'லெவி இருக்கலாம், ஹாலோபெரிடால் வேண்டாம்' என்று அம்மா சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.