டாவின்சி ரிசால்வ்: தாமே இயக்கித் தாமே தொகுப்பவரின் மேசையில்

காணொளித் தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் நிறச் சீரமைப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். 2004இல் வெளிவந்தபோது அது நிறச் சீரமைப்புக் கூடங்களுக்கான கருவி மட்டுமே. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம், அதை உருவாக்கிய டாவின்சி சிஸ்டம்ஸை வாங்கிய பிறகும் சில ஆண்டுகள் அப்படியேதான் இருந்தது. முழுப் படத்தையும் அதிலேயே தொகுக்கலாம் என்ற நம்பிக்கை பலருக்கும் 2015இல் வந்த 12ஆம் பதிப்புக்குப் பிறகே பிறந்தது. ஆனால் ஆவணப்படத்தைத் தாமே இயக்கித் தாமே தொகுப்பவருக்கு நிறம் என்பது கடைசிக் கட்ட வேலை. அதற்கு முந்தைய பல மாதங்களில் அவர் செய்வதெல்லாம் பார்ப்பதும், பிரிப்பதும், தேடுவதும், மறுபடி பார்ப்பதும்தான். அந்த மாதங்களில் இம்மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே இங்கே இதை எடைபோடுகிறேன்.

ஏறத்தாழ 80 மணி நேரப் பதிவுகளை இதில் ஏற்றி வேலை செய்திருக்கிறேன். தனியே பதிவான ஒலியை டைம்கோடு எனப்படும் நேரக் குறியீட்டைக் கொண்டோ அலைவடிவம் கொண்டோ காட்சியோடு இணைப்பதும், கனமான கோப்புகளுக்கு இலகுவான ப்ராக்ஸி நகல்களை உருவாக்கிக்கொள்வதும் சிக்கலின்றி நடக்கின்றன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ரிசால்வ் ஒவ்வொரு வகை வேலைக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கிறது. என்னை ஈர்த்தது, 2019இல் 16ஆம் பதிப்போடு வந்த, விரைவாகத் தொகுப்பதற்கான 'கட்' பக்கத்தில் உள்ள 'சோர்ஸ் டேப்' வசதி. ஒரு தொகுதியில் உள்ள அத்தனை துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஒரே நீண்ட நாடாவைப் போல நம் முன் வைக்கிறது. ஃபிலிம் சுருளை ஸ்டீன்பெக் மேசையில் ஓட்டித் தொகுத்த காலத்தில், வேண்டிய காட்சியை அடைவதற்கு வேண்டாத காட்சிகளைக் கடந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தால், ஒதுக்கி வைத்த ஏதோ ஒன்று வழியில் கண்ணில் பட்டு, படத்துக்குள் இடம்பிடித்துவிடுவதும் உண்டு. 1967 முதல் தம் ஆவணப்படங்களை இயக்கி, தொகுப்பையும் தம் கையிலேயே வைத்துக்கொண்ட ஃபிரெடெரிக் வைஸ்மன் பல பத்தாண்டுகள் அத்தகைய மேசையில்தான் வேலை செய்தார். கோப்பின் பெயரைச் சொடுக்கி நேரே குதிக்கும் வசதி வந்தபின் நாம் இழந்த அந்த நடைபயணத்தை சோர்ஸ் டேப் ஓரளவு மீட்டுத் தருகிறது. படப்பிடிப்பு முடிந்த முதல் மூன்று வாரங்களுக்கு வேறு எந்தப் பக்கத்தையும் நான் திறப்பதில்லை.

அதே பக்கத்தில் 'ஃபாஸ்ட் ரிவ்யூ' என்றொரு பொத்தானும் இருக்கிறது. நீளமான துண்டை விரைவாகவும், குறுகிய துண்டைச் சற்று நிதானமாகவும் அது ஓட்டிக் காட்டும். விளம்பரப் படத்துக்கு அது பொருந்தலாம். ஆவணப்படத்தில் ஒரு துண்டு நீண்டிருக்கிறது என்றால், அங்கே ஏதோ நடக்கும் என்று கேமரா காத்திருந்தது என்று பொருள். அதைத்தான் இந்தப் பொத்தான் முதலில் விரட்டுகிறது.

பிரித்து அடுக்கும் வேலையில் ரிசால்வ் மிகவும் கைகொடுக்கிறது. ஒரு துண்டின் குறிப்பிட்ட பகுதியின் மேல் நீளக் குறியிட்டு, அதற்கொரு பெயரும் குறிப்பும் கொடுத்து, பின்னர் அந்தக் குறிகளையெல்லாம் ஒரே கட்டளையில் துணைத் துண்டுகளாக மாற்றிக்கொள்ளலாம். 'ஸ்மார்ட் பின்' என்ற தானியங்கி அறைகளோ நாம் இட்ட குறிச்சொற்களைக் கொண்டு துண்டுகளைத் தாமாகவே திரட்டித் தருகின்றன. ஒரே பேட்டியை 'தாயார்', 'கடன்', 'சிரிப்பு' ஆகிய மூன்று அறைகளிலும் நகலெடுக்காமல் வைத்திருக்க முடிவது சிறிய விஷயமன்று. இதற்கு நாம் செலுத்த வேண்டியது குறிச்சொல் இடும் பொறுமை ஒன்றுதான்.

2023இல் 18.5ஆம் பதிப்பில் பேச்சை எழுத்தாக்கும் வசதி சேர்ந்தது. அது கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில் மட்டுமே உண்டு. எழுத்தில் ஒரு வரியைத் தெரிவு செய்தால் அதற்குரிய காட்சியை, படத்தை வரிசையாகக் கோக்கும் டைம்லைனில் சேர்த்துவிடலாம். அந்தப் பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லாததால், தமிழ்ப் பேட்டிகளுக்கு எழுத்துப்படி எடுப்பது கைவேலையாகவே நின்றது. மொழி பொருந்தி வந்தாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தச் சாளரத்திலேயே, பேச்சுக்கு இடைப்பட்ட மௌனங்களை நீக்கித் தரும் வசதியும் இருக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒருவர் பார்வையைத் தாழ்த்தும் நான்கு வினாடிகள் எந்த எழுத்துப்படியிலும் வராது. அவர் சொன்ன பதிலைவிட அந்த நான்கு வினாடிகள் படத்துக்கு முக்கியமாக இருக்கக்கூடும். எனவே எழுத்துப்படியைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெட்டுவதைக் காட்சியைப் பார்த்தே செய்வது என் வழக்கம்.

ஒலிக்கான ஃபேர்லைட் பக்கம் 2017இல் சேர்ந்தது. தனித் தொகுப்பாளர் கரடு ஒலிக்கலவையை வேறு மென்பொருளுக்குப் போகாமலேயே முடித்துக்கொள்ள அது போதும். பின்னணி ஒலியிலிருந்து குரலைப் பிரிக்கும், ஸ்டுடியோவில் உள்ள கருவியைப் பாதி அளவுக்குமேல் திருகினால், பேசுபவர் அமர்ந்திருக்கும் அறையே காணாமல் போகிறது. காட்சி விளைவுகளுக்கான ஃப்யூஷன் பக்கத்தை நான் திறந்தது மிகச் சில முறைகளே. பெயர்ப் பட்டைகளுக்கு எடிட் பக்கத்திலேயே போதிய வசதி இருக்கிறது.

இலவசப் பதிப்பில் வெளியீடு 3840க்கு 2160 என்ற அளவோடும் நொடிக்கு 60 சட்டகங்களோடும் நின்றுவிடும்; காட்சியின் இரைச்சலைக் குறைக்கும் கருவியும் கிடையாது. முதல் ஆவணப்படத்தைத் தொகுப்பவருக்கு இவை தடையாகா என்பதே என் எண்ணம். குறைந்த ஒளியில் எடுத்த காட்சிகள் மிகுதியாக இருந்தால் மட்டும் ஸ்டுடியோவை யோசிக்கலாம். அதை ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கட்டியாக வேண்டியதில்லை.

பிற மென்பொருளிலிருந்து வருவோர் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். ரிசால்வ் தன் திட்டங்களைத் தனித்தனிக் கோப்புகளாக அல்லாமல் ஒரு தரவுத்தளத்தில் வைக்கிறது. கோப்புறையைப் பிரதி எடுத்துவிட்டால் திட்டமும் பத்திரமாக இருக்கும் என்ற பழைய பழக்கம் இங்கே செல்லாது. இரண்டு ஆண்டுகள் நீளும் ஒரு படத்தின் நடுவில் கணினியை மாற்ற வேண்டி வரலாம் என்பதால், ஒவ்வொரு நாள் வேலையின் முடிவிலும் திட்டத்தைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, தேதியிட்டு, வேறொரு வட்டில் வைத்துவிடுகிறேன்.