காதுகேளாத பிள்ளையும் கேட்கும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்: எந்த ஏற்பாடு தேவலை?

இரு தரப்பும் சேர்ந்து படிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் மூன்று ஏற்பாடுகள். மூன்றுமே பாடத்தை எப்படியாவது கொண்டுசேர்க்கப் பார்க்கின்றன. பக்கத்து பெஞ்சுப் பேச்சு சேருகிறதா என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

முதலாவதில், கேட்கும் பிள்ளைகள் நடுவே ஒரே ஒரு காதுகேளாத பிள்ளை; துணைக்குக் காது மெஷின் அல்லது காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி). ஆசிரியர் சட்டையில் மைக் மாட்டிக்கொண்டால் அவர் குரல் நேராக மெஷினுக்கு வரும். சரி, பின்வரிசைப் பையன் பதில் சொல்லும்போது? அவனிடம் மைக் இல்லை. திரும்பி அவன் வாயைப் பார்ப்பதற்குள் அடுத்தவள் பேச ஆரம்பித்திருப்பாள். பார்த்தாலும் 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது. எல்லோரும் சிரித்தால் தானும் சிரித்துவைக்கப் பிள்ளை பழகிவிடுகிறது. அதைப் பார்த்து 'நன்றாக ஒட்டிக்கொண்டான்' என்று சொல்பவர்களும் உண்டு!

இரண்டாவதில் சைகை மொழிபெயர்ப்பாளர் கூடவே இருப்பார். சைகை தெரிந்த பிள்ளைக்குப் பாடம் ஓரளவு முழுசாகக் கிடைக்கும். ஆனால் கேள்வி சைகையாகி வருவதற்குள் வேறு யாராவது கை தூக்கிவிடுகிறார்கள். நோட்டில் குனிந்தால் சைகை போச்சு. இடைவேளையில் இன்னும் சிக்கல்: பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை ரகசியம் பேசும்?

மூன்றாவதில் காதுகேளாத பிள்ளைகள் பல பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் சைகையில் தேர்ந்தவர், காதுகேளாதவராகவே இருந்தால் இன்னும் நல்லது. இங்கே கேட்கும் பிள்ளைகளும் மாறியாக வேண்டும். பின்னாலிருந்து கத்திக் கூப்பிடாமல் தோளைத் தட்டவும், ஒருவர் முடித்தபின் அடுத்தவர் தொடங்கவும், சைகையில் கிண்டலடிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான். குறை இல்லாமல் இல்லை: செலவு கூடுதல், ஆசிரியர் வாயும் கையுமாக ஒரே நேரத்தில் பேசினால் பெரும்பாலும் சைகைதான் அரைகுறையாகும். சைகையில் தேர்ந்த ஆசிரியர் கிடைப்பதும் கஷ்டம். 1880இல் இத்தாலியில் காதுகேளாதோர் கல்விக்காக நடந்த மிலான் மாநாடு வகுப்பறையில் சைகை வேண்டாம் என்று தீர்மானித்தபின் காதுகேளாத ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தார்கள். அந்தத் தீர்மானங்களை அதே வரிசையில் கனடாவில் நடந்த வான்கூவர் மாநாடு நிராகரித்தது 2010இல்தான்.

முதலாவதை விட்டால் வழியில்லை என்றால், மைக்கைக் கைமாற்றச் சொல்லுங்கள். யார் பேசினாலும் அது அவர் கையில் இருக்கட்டும். வகுப்பு கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். நகரட்டும்.