திருப்பூரில் குழந்தைத் துணி வாங்கப் போகிறவர்களுக்கு

நியூஜெர்சியில் இருக்கும் தங்கைக்கு இது தலைப்பிரசவம். இங்கே அமெரிக்காவில் பருத்திக் குழந்தை உடுப்பு, அதுவும் ஆர்கானிக் என்றால், கை வைக்க முடியாத விலை. அதனால் இந்த முறை திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அவிநாசிக்குப் போனபோது தேவையானதை எல்லாம் திருப்பூரிலேயே வாங்கினேன். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காதர்பேட்டை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, ஆர்டர் ரத்தானவை, சின்னக் குறையால் ஒதுக்கியவை எல்லாம் இங்கே வந்து சேரும். 100 ரூபாய்க்குள் நல்ல இன்டர்லாக் (இரட்டைப் பின்னல்) துணியில் பாடிசூட் (கவட்டில் பொத்தான் போடும் குழந்தைச் சட்டை) கிடைத்தது. கடைக்காரர்கள் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். சின்னக் கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது. ரொக்கம் அல்லது யுபிஐ.

ஆனால் "ஆர்கானிக்குங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமாங்க" என்றுதான் சொல்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். ஆர்கானிக் துணிக்கு உலக அளவில் தரும் ஜி.ஓ.டி.எஸ். (GOTS) சான்று பஞ்சு ஆலையிலிருந்து தையல் வரை ஒவ்வொரு கட்டத்தையும் தொடர்ந்து வருவது. 'ஆர்கானிக்' என்று அச்சிட 95 சதவீத இயற்கை வேளாண் இழை வேண்டும். 'ஆர்கானிக் இழை கலந்தது' என்ற வகைக்கு 70 சதவீதம். உடுப்பில் தைத்திருக்கும் பட்டியில் (லேபிளில்) சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். மிச்ச உருப்படிகளில் பெரும்பாலும் பட்டியை வெட்டிவிடுகிறார்கள். பட்டி போனால் சான்றும் போயிற்று. நல்ல பருத்தி, மலிவு என்று வாங்குங்கள், அது போதும்.

பெரிய கடை ஒன்றில் "மூங்கில் துணிங்க, சுத்த இயற்கை" என்று இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். கைக்கு வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, கார்பன் டைசல்பைடு போன்ற வேதிப்பொருள்களில் கரைத்து இழுத்த நூல் அது. பருத்தியோடு ஒன்றாக வைத்து இயற்கை இழை என்று விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது நிறம். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று அந்த ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. கீழே இருந்த காடு தோட்டமெல்லாம் உப்பேறியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு ஊர் மாறியது. பெருஞ்செலவு செய்து அதை நேர்மையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் மரியாதை. ஆனால் மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும் சட்டைக்குக் கருநீலமும் அடர் சிவப்பும் எதற்கு? சாயமே ஏறாத துணி இருந்தால் போதாதா?

அதற்குச் சர்வோதய சங்கத்தின் கதர்க் கடைக்குப் போனேன். வெளுக்காத மெல்லிய கதரை மீட்டர் கணக்கில் வாங்கி, பக்கத்துத் தெருத் தையல்கார அக்காவிடம் கொடுத்தேன். நூலை உருவிக் கொளுத்திக் காட்டினார்: காகிதம் எரிகிற வாசனை, விரலில் பொடியும் சாம்பல். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாக உருண்டிருக்கும். முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லாவாகத் தைத்தார். "தையல் வெளியே இருக்கட்டும் கண்ணு, உள்ளே இருந்தா புள்ளைக்கு உறுத்தும்" என்று அவரே மாற்றித் தைத்தது எந்தக் கம்பெனி உடுப்பிலும் நான் பார்க்காதது. கூலியோடு சேர்த்தும் காதர்பேட்டை விலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். புதுக் கதர் முதலில் விறைப்பாக இருக்கும். நாலைந்து முறை வெந்நீரில் அலசிய பிறகே போடுங்கள். குழந்தை பிறந்த முதல் சில நாள்களுக்கு அம்மா எடுத்து வைத்திருந்த அப்பாவின் பழைய வேட்டித் துண்டுகளே போதும்.

அமெரிக்காவுக்குக் கொண்டுவருகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். இங்கே 9 மாத அளவுக்கு மேற்பட்ட இரவு உடுப்பு தீத்தடுப்புச் சோதனையில் தேற வேண்டும், இல்லையென்றால் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். ஏற்றுமதி மிச்சத்தில் சிலவற்றில், ஒட்டியிருக்க வேண்டும் என்று சொல்லும் மஞ்சள் அட்டை அப்படியே தொங்கும். அதனால் 'வளர்ற புள்ளைதானே' என்று இரவு உடுப்பை மட்டும் தொளதொளவென்று வாங்காதீர்கள்.